பாட்டிழந்த வெற்றி: ரைன் ஆற்றங்கரையில் ஓர் எல்லை பிறந்த வரலாறு

வென்றவன் பாட்டில் வாழ்வான் என்பது உலகத்தார் பலரும் நெடுங்காலமாகக் கொண்டுவரும் நம்பிக்கை. வாளால் பெற்ற புகழைச் சொல்லால் நிலைபெறச் செய்வது புலவர் கடன் எனப் பண்டைச் சமுதாயங்கள் பலவும் கருதின. ஆயினும் வென்றவன் மீது எழுந்த பாட்டு முழுதும் மறைந்துபோக, தோற்றவர் எழுதிவைத்த உரைநடையில் மட்டும் அவ்வெற்றி உயிர்வாழும் விந்தையும் வரலாற்றில் உண்டு. கி.பி. 9-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் காடுகளில் உரோமப் பேரரசின் மூன்று பெரும்படைகள் அழிந்தன. அந்நிகழ்ச்சியே ரைன் ஆற்றை ஐரோப்பாவின் நெடுநாள் எல்லையாக்கிற்று. அவ்வெல்லை எவ்வாறு பிறந்தது, அதன் இரு கரைகளிலும் வாழ்ந்த மாந்தர்க்கு அது என்ன செய்தது, அதைப் பற்றிய பாட்டு என்னவாயிற்று என்பன எண்ணத்தக்கன.

ஆற்றுக்கு அப்பால்

ரைன் ஆற்றைக் கோலருக்கும் ஜெர்மானியருக்கும் இடைப்பட்ட எல்லையாக முதலில் எழுத்தில் நிறுவியவர் ஜூலியஸ் சீசர். கி.மு. 58-இல் அவர் கோல் நாட்டுப் போரைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே ரைனைக் கடந்து வந்திருந்த அரியோவிஸ்டஸ் என்னும் தலைவனை முறியடித்தார். கி.மு. 55-இல் ரைன் ஆற்றின் மீது மரப்பாலம் ஒன்றைப் பத்தே நாட்களில் அமைத்துப் படையுடன் அக்கரை சேர்ந்தார். பதினெட்டு நாட்கள் தங்கி, ஊர்களைக் கொளுத்தி, மீண்டு வந்து பாலத்தைத் தம் கையாலேயே தகர்த்தார். அப்பாலம் நிலத்தைக் கொள்வதற்காகக் கட்டப்பட்டதன்று. வேண்டும்போது வர முடியும் என்று காட்டுதற்காகக் கட்டப்பட்டது.

சீசர் வரைந்த கோடு அரசியலுக்கு ஏற்றதாயிருந்தது. ஆற்றின் இப்பால் வெல்லப்பட்ட மக்கள், அப்பால் வெல்ல இயலாத மக்கள் என்று உரோம் மேலவைக்கு எளிதில் விளக்க அது துணைசெய்தது. தொல்லியல் காட்டும் உண்மையோ வேறு. ஆற்றின் இரு கரைகளிலும் ஒத்த வாழ்க்கையுடைய குடிகள் வாழ்ந்தனர்; மக்கள் அங்குமிங்கும் குடிபெயர்ந்தனர். 'ஜெர்மானியர்' என்பதும் அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பொதுப்பெயர் அன்று. அயலார் வழங்கிய பெயர். செருஸ்கி, சட்டி, சுகாம்ப்ரி, புருக்டெரி, மார்க்கோமன்னி எனத் தனித்தனிக் குடிகளாகவே அவர்கள் தம்மை அறிந்திருந்தனர். ஒரு பெயருக்குள் அவர்களை அடக்கியவர்கள் அவர்களோடு பொருத உரோமர்களே எனலாம்.

எல்பே ஆறு வரை

சீசருக்குப் பின் ஆட்சிக்கு வந்த அகஸ்டஸ் காலத்தில் நிலைமை மாறிற்று. கி.மு. 16 அளவில் சுகாம்ப்ரி முதலிய குடிகள் ரைனைக் கடந்து வந்து மார்க்கஸ் லோலியஸ் என்னும் ஆளுநரின் படையை முறியடித்து, ஐந்தாம் படையின் கழுகுச் சின்னத்தைக் கைப்பற்றின. உரோமப் படைவீரனுக்குக் கழுகுச் சின்னம் தெய்வத்துக்கு நிகரானது. அதனை இழப்பது அழியாப் பழி. இதன் பின்னர் ரைன் கரையில் பெரும் பாசறைகள் எழுந்தன. கி.மு. 12 முதல் 9 வரை அகஸ்டஸின் மாற்றுமகன் துரூசஸ் ஆண்டுதோறும் படையெடுத்துச் சென்று இறுதியில் எல்பே ஆற்றை எட்டினார். திரும்பும் வழியில் குதிரையிலிருந்து வீழ்ந்து, அக்காயத்தால் மாண்டார். அவர் விட்ட பணியை அண்ணன் டைபீரியஸ் தொடர்ந்தார். அடங்காத சுகாம்ப்ரி குடியினர் பெருந்தொகையினராக வேரோடு பெயர்க்கப்பட்டு ரைனின் மேலைக்கரையில் குடியேற்றப்பட்டனர்.

ரைனுக்கு அப்பாலும் நிலையாக ஆள உரோம் எண்ணியிருந்தது என்பதற்கு வால்ட்கிர்மெஸ் என்னும் ஊர் சான்று. லான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1993 முதல் 2009 வரை நடந்த அகழாய்வில், கி.மு. 4 அளவில் கட்டப்பட்ட உரோம நகரம் ஒன்று வெளிப்பட்டது. படைமுகாமாக இல்லாமல், மன்றக் கட்டடமும் வீடுகளும் கடைகளும் கொண்ட குடிமக்கள் நகராக அது இருந்தது. அங்குக் கிடைத்த மட்பாண்டங்களில் ஒரு பகுதி உள்ளூர் ஜெர்மானியர் வனைந்தவை. இரு மக்களும் ஓரிடத்தில் வாழ்ந்தனர் என்பதை அவை உணர்த்துகின்றன. 2009-இல் ஒரு கிணற்றின் அடியிலிருந்து பொன்முலாம் பூசிய வெண்கலக் குதிரைத்தலை எடுக்கப்பட்டது. பேரரசரின் குதிரைமேல் அமர்ந்த திருவுருவத்தின் உடைந்த பகுதி அது. அச்சிலை அங்கு நின்ற காலம் மிகச் சிறிது.

நகர் அமைத்தல் போலவே குடித்தலைவர்களின் மைந்தரை உரோமப் படையில் சேர்த்துக்கொள்வதும் அரசின் வழியாயிருந்தது. செருஸ்கித் தலைவன் செகிமேரின் மகன் அவ்வாறு துணைப்படைத் தலைவனாகி, உரோமக் குடியுரிமையும் குதிரைவீரர் என்னும் உயர்குடித் தகுதியும் பெற்றான். இலத்தீன் மொழியும் உரோமப் போர்முறையும் கற்றான். வரலாறு அவனை ஆர்மினியஸ் என்றே அறியும். அது உரோமர் எழுதிய வடிவம். தாய் அவனை அழைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மூன்று எண்கள்

கி.பி. 9-இல் ஜெர்மானிய ஆளுநராயிருந்தவர் பப்ளியஸ் குவிங்டிலியஸ் வாரஸ். முன்னர் சிரியாவை ஆண்டவர். நெடுங்காலமாக அரசுக்கும் வரிக்கும் பழகிய சிரிய மக்களை ஆள்வதுபோல் இம்மக்களையும் ஆள முற்பட்டார், வரி தண்டினார், உரோமச் சட்டப்படி வழக்குத் தீர்த்தார். கூட்டத்தில் பேசி முடிவுசெய்து பழகிய குடிகளுக்கு இவை அடிமைத்தளையாகத் தோன்றின. ஆர்மினியஸ் பகலில் வாரஸின் விருந்தில் அமர்ந்தான். மறைவில் குடிகளை ஒன்றுதிரட்டினான். அதே குடியைச் சேர்ந்த செகெஸ்டஸ் என்னும் தலைவன் இதனை வாரஸிடம் கூறி எச்சரித்தான். வாரஸ் நம்பவில்லை.

இலையுதிர்காலத் தொடக்கத்தில், கோடைப் பாசறையிலிருந்து படை திரும்புகையில், ஓரிடத்தில் கிளர்ச்சி எழுந்ததாகச் செய்தி வந்தது. 17, 18, 19 என்னும் எண்களையுடைய மூன்று பெரும்படைகளும், அவற்றோடு மூன்று குதிரைப்படைப் பிரிவுகளும் ஆறு துணைப்படைப் பிரிவுகளும் அறியாத வழியில் திரும்பின. பெண்டிரும் சிறாரும் வண்டிகளும் உடன்சென்றனர். காடும் சதுப்பும் மழையும் சூழ்ந்த அவ்வழியில் சில நாட்களுக்குள் அப்படைகள் துண்டுதுண்டாக்கப்பட்டன. மாண்டவர் 15,000 முதல் 20,000 வரை இருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. வாரஸ் தம் வாளின் மேல் வீழ்ந்து உயிர்விட்டார். அவரது தலையை ஆர்மினியஸ் மார்க்கோமன்னி வேந்தன் மரோபோடுவஸுக்கு அனுப்பினான். கூட்டாகப் போர் செய்வோம் என்னும் அழைப்பு அது. அவ்வேந்தனோ அதனை அகஸ்டஸுக்கே அனுப்பிவிட்டான்.

செய்தி கேட்ட அகஸ்டஸ் பல திங்கள் தலைமயிரும் தாடியும் மழிக்காதிருந்தார் என்றும், கதவில் தலையை மோதிக்கொண்டு, இழந்த படைகளை வாரஸிடம் திருப்பிக் கேட்டுப் புலம்பினார் என்றும் சுவெட்டோனியஸ் எழுதியுள்ளார். 28 பெரும்படைகளில் மூன்று ஒரே வாரத்தில் இல்லாமற்போயின. அந்த மூன்று எண்களையும் உரோம் மீண்டும் எந்தப் படைக்கும் இடவில்லை.

பெருந்தொகை மறைத்துவிடும் துயரை ஒரு கல் காட்டுகிறது. ரைன் கரையிலுள்ள சாந்தன் நகரருகே கண்டெடுக்கப்பட்டு இன்று பான் அருங்காட்சியகத்தில் உள்ள நினைவுக்கல்லில், பதினெட்டாம் படையின் நூற்றுவர் தலைவன் மார்க்கஸ் சீலியஸின் உருவம் விருதுகளுடன் செதுக்கப்பட்டுள்ளது. அவன் 53 வயதில் வாரஸின் போரில் வீழ்ந்தான் என்றும், தம்பி பப்ளியஸ் இக்கல்லை நிறுவினான் என்றும் அதன் எழுத்துகள் கூறுகின்றன. இருபுறமும் அவனுடைய விடுதலை பெற்ற அடிமைகள் இருவரின் உருவங்கள் உள்ளன. உடல் கிடைக்காமையால் கல் மட்டும் நடப்பட்டது. எலும்புகள் கிடைப்பின் அங்கு இடுவதற்கு இசைவும் அதில் எழுதப்பட்டுள்ளது.

அந்த எலும்புகள் கிடந்த களம் எது என்பது நெடுங்காலம் புதிராயிருந்தது. 1987-இல் டோனி கிளன் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி, ஓஸ்னாப்ரூக் நகருக்கு வடக்கே கல்கிரீசவில் உரோம வெள்ளிக்காசுகளையும் கவண்குண்டுகளையும் கண்டெடுத்தார். 1989 முதல் நடந்த அகழாய்வில் ஆயுதத் துண்டுகளும், குதிரைவீரன் அணியும் முகக்கவசமும், வாரஸின் பெயர்ச்சுருக்கம் பொறித்த செப்புக்காசுகளும் வெளிவந்தன. ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்து பின்னர் குழிகளில் இடப்பட்ட மனித எலும்புகளும் அங்கு உள்ளன. அறிஞருள் பெரும்பாலோர் வாரஸ் போரின் ஒரு பகுதி அங்கு நிகழ்ந்தது என்பர். பின்னர் நடந்த வேறொரு போரின் களம் அது எனக் கருதுவாரும் உளர்.

ஆற்றின் இரு கரைகளில்

கி.பி. 14-இல் அகஸ்டஸ் மறைந்து டைபீரியஸ் பேரரசரானார். துரூசஸின் மகன் ஜெர்மானிக்கஸ் ரைனைக் கடந்து படை செலுத்தினார். கி.பி. 15-இல் வாரஸ் வீழ்ந்த களத்தை அடைந்து, ஆறாண்டுகளாக வெளுத்துக் கிடந்த எலும்புகளை மண்ணிட்டுப் புதைத்தார். தன்னுறவின் எலும்பு எது, அயலாரது எது என்று அறியாமலே வீரர்கள் அவற்றைப் புதைத்ததாக டாசிட்டஸ் எழுதுகிறார்.

அவ்வாண்டிலேயே ஆர்மினியஸின் மனைவி துஸ்னெல்டா சிறைப்பட்டாள். அவளைப் பிடித்துக் கொடுத்தவன் அவள் தந்தை செகெஸ்டஸ். வாரஸை எச்சரித்தவனும் அவனே. மகளை அவன் வேறொருவனுக்கு உறுதி செய்திருக்க, ஆர்மினியஸ் அவளைக் கொண்டு சென்று மணந்தான். கருவுற்றிருந்த அவள் கண்ணீரும் விடவில்லை, இரக்கமும் வேண்டவில்லை என்கிறார் அவ்வரலாற்றாசிரியர். கி.பி. 17-இல் உரோம நகரில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் அவளும் அவள் சிறு மகனும் நடத்திச் செல்லப்பட்டனர். செகெஸ்டஸ் மதிப்புக்குரிய விருந்தினனாக அமர்ந்து அதனைக் கண்டான். ரவென்னாவில் வளர்ந்த அம்மகனின் கதியைப் பின்னர் உரைப்பதாக டாசிட்டஸ் குறித்துள்ளார். அவர் எழுதியவற்றுள் இன்று எஞ்சிய பகுதிகளில் அது இல்லை.

எல்லை ஒரு குடும்பத்தின் நடுவே ஓடியதை விளக்கும் மற்றொரு காட்சியும் அவர் நூலில் உண்டு. கி.பி. 16-இல் வேசர் ஆற்றின் ஒரு கரையில் ஆர்மினியஸ் நின்றான். மறுகரையில் உரோமப் படையில் அவன் தம்பி நின்றான். தம்பிக்கு வழங்கிய பெயர் ஃபிளேவஸ். பொன்னிறத்தான் என்று பொருள்படும் இலத்தீன் பெயர் அது. உரோமுக்காகப் போரிட்டு ஒரு கண்ணை இழந்தவன் அவன். கண்ணுக்கு ஈடாக என்ன பெற்றாய் என்று அண்ணன் வினவ, உயர்ந்த ஊதியத்தையும் கழுத்தணியையும் முடியையும் தம்பி எண்ணிக் காட்டினான். அடிமைக்கு இத்தனை மலிவான கூலியா என்று அண்ணன் இகழ்ந்தான். ஒருவன் பேரரசின் பெருமையையும் பணிந்தவர்க்குக் கிட்டும் அருளையும் கூற, மற்றவன் முன்னோர் உரிமையையும் குடித்தெய்வங்களையும் தாயின் வேண்டுதலையும் கூறினான். சொல் முற்றி, இடையே ஆறிருந்தும் பொருத முனைந்த தம்பியை உரோம அதிகாரி பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆர்மினியஸ் தன் பேச்சினிடையே இலத்தீன் சொற்களைப் பெரிதும் கலந்தான் என்பது டாசிட்டஸ் தரும் நுட்பமான குறிப்பு. பேரரசை எதிர்த்தவனின் நாவிலும் பேரரசின் மொழி குடியேறியிருந்தது.

எல்லை கொள்கையானது

ஜெர்மானிக்கஸ் போர்களில் வென்றார். ஆயினும் திரும்புகையில் வடகடற் புயலில் கப்பல்கள் சிதறிப் பலரை இழந்தார். இன்னும் ஓராண்டு தந்தால் முடித்துவிடுவதாக அவர் வேண்டியும் டைபீரியஸ் அவரைத் திரும்ப அழைத்தார். ஒன்பது முறை ஜெர்மானியாவுக்கு அனுப்பப்பட்டவர் டைபீரியஸ். அங்கு வலிமையினும் சூழ்ச்சியே மிகுதியும் பயன்தந்தது என்பது அவர் பட்டறிவு. பழிதீர்த்தாயிற்று, இனி அக்குடிகளைத் தம்முள் பூசலிட விட்டுவிடலாம் என்று அவர் கணித்தார்.

அக்கணிப்பில் பொருளியலும் இருந்தது. ரைன் கரைப் பாசறைகளுக்குக் கோல் நாட்டு ஆறுகளின் வழியே தானியமும் எண்ணெயும் வந்தன. எல்பே கரைக்கு அத்தகைய வழி இல்லை. கோல் நாட்டில் பெருநகர்களும் அவற்றை ஆளும் மேற்குடியினரும் இருந்தமையால் நகரைப் பிடித்தால் நாடு கைவந்தது. ரைனுக்கு அப்பால் சிற்றூர்களே மிகுதி. அழித்தால் ஆண்டொன்றில் மீண்டும் எழும் ஊர்களை வைத்து வரி தண்டுவது அரிது. ஆதலின் எட்டுப் பெரும்படைகள் ரைன் கரையில் நிறுத்தப்பட்டன.

டைபீரியஸ் எண்ணியவாறே நடந்தது. கி.பி. 17-இல் ஆர்மினியஸும் மரோபோடுவஸும் ஒருவரோடொருவர் பொருதனர். தோற்ற மரோபோடுவஸ் உரோமிடம் அடைக்கலம் புகுந்து ரவென்னாவில் பதினெட்டாண்டுகள் வாழ்ந்து முதிர்ந்தான். ஆர்மினியஸ் அரசுரிமை நாடுகிறான் என்று சொல்லி அவன் உறவினரே அவனைக் கொன்றனர். அப்போது அவன் வயது 37. கி.பி. 47-இல் உட்பூசலால் தலைவர் அற்றுப்போன செருஸ்கியர் தமக்கு ஓர் அரசனைத் தருமாறு உரோமிடமே கேட்டனர். கிளாடியஸ் பேரரசர் அனுப்பியது ஃபிளேவஸின் மகனை. உரோமில் பிறந்த அவன் பெயர் இத்தாலிக்கஸ். ஆற்றின் இருபுறமும் நின்ற உடன்பிறந்தாருள் இறுதியில் அரசுபெற்றது தம்பியின் வழி.

பிற்காலத்தில் எல்லைக்கு உருவம் தரப்பட்டது. கி.பி. 83-இல் டொமிஷியன் சட்டி குடியினரோடு பொருத பின்னர், ரைனுக்கும் தன்யூபுக்கும் இடையே காவற்கோடு ஒன்று வளர்ந்தது. ஹட்ரியன் காலத்தில் மரவேலியும், பின்னர் அகழியும் மண்கரையும், ரேட்டியா மாநிலத்தில் கற்சுவரும் எழுந்தன. ஏறத்தாழ 550 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கோட்டில் சுமார் 900 காவற்கோபுரங்களும் 120 கோட்டைகளும் இருந்தன. 'லிமெஸ்' எனப்படும் இதனை 2005-இல் யுனெஸ்கோ உலகமரபுச் சின்னமாக ஏற்றது. பெரும்படையைத் தடுக்கும் மதிலாக இது எண்ணப்படவில்லை. எவர் வருகிறார், எதைக் கொணர்கிறார், எவ்வளவு சுங்கம் தருகிறார் என்று கண்காணிக்கும் வாயிலாகவே பயன்பட்டது. ஹெர்மண்டூரி குடியினர் மட்டும் காவலரின்றி உள்நாட்டு நகர்க்கும் வந்து வாணிகம் செய்யலாம் என்று டாசிட்டஸ் கூறுவதால், பிற குடிகளுக்கு இருந்த கட்டுப்பாடு விளங்கும்.

இக்கோடு மாந்தரை எவ்வாறு மாற்றிற்று என்பதற்குக் கொலோன் நகரம் சான்று. உரோமால் குடியமர்த்தப்பட்ட உபி என்னும் ஜெர்மானியக் குடியின் ஊர் அது. கி.பி. 50-இல் உரோமக் குடியேற்ற நகரென்னும் தகுதி பெற்றது. கி.பி. 70-இல் பட்டாவியக் கிளர்ச்சி மூண்டபோது, அக்கரைத் தெங்க்டெரி குடியினர் தூதனுப்பி, அடிமைச்சின்னமான மதிலை இடித்து, நகரிலுள்ள உரோமரைக் கொன்றுவிடுமாறு வற்புறுத்தினர். நகர மக்கள் விடை கூறுமுகத்தான், குடியேறியோர் தம்மோடு மணவுறவு கொண்டு கலந்துவிட்டனர். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் மக்களையும் எவ்வாறு கொல்வது என்று வினவினர். சீசர் வரைந்த கோட்டின் மீது நூற்றிருபது ஆண்டுகளில் ஒரு புதிய இனமே பிறந்திருந்தது.

பாட்டும் ஏடும்

ஆர்மினியஸ் மறைந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் எழுதிய டாசிட்டஸ், அவனை ஐயத்திற்கிடமின்றி ஜெர்மானியாவின் விடுதலையாளன் என்று போற்றுகிறார். பேரரசின் தொடக்க நாளில் அன்றி அது செழித்தோங்கிய நாளில் எதிர்த்தவன் என்கிறார். அவன் இன்றும் தன் மக்களிடையே பாடப்படுகிறான் என்ற குறிப்பையும் தருகிறார். கிரேக்கர் தம்மவரை மட்டும் வியப்பதால் அவனை அறியார். உரோமர் பழமையையே புகழ்வதால் அவனை மதியார் என்று வருந்தவும் செய்கிறார்.

அப்பாட்டுகளில் ஓரடியும் இன்று இல்லை. அம்மக்களின் மொழி அன்று ஏட்டில் ஏறவில்லை. பாடுவோர் மறைய, பாட்டும் மறைந்தது. மன்னர்தம் செயல்களையும் போர்களையும் பாடிய பழம்பாட்டுகளை எழுதிவைக்குமாறு சார்லமேன் பேரரசர் ஆணையிட்டதாக அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் கூறுகிறார். அத்தொகுப்பும் கிடைக்கவில்லை. ஆர்மினியஸின் கதையைக் கூறும் டாசிட்டஸ் நூற்பகுதியோ ஒரே ஒரு கையெழுத்துப்படியில் பிழைத்தது. அப்படி இருந்த இடம் கார்வே மடம். அது வேசர் ஆற்றங்கரையில் உள்ளது. அண்ணனும் தம்பியும் எதிர்நின்று பேசிய அதே ஆற்றின் கரையில், பகைவர் மொழியில், அவ்வுரையாடல் நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1515-இல் உரோமில் அது அச்சேறிற்று.

பாட்டு இருந்த இடம் வெறுமையாயிருந்ததால் ஒவ்வொரு காலத்தவரும் தமக்கு வேண்டிய ஆர்மினியஸை அங்கு நிறுத்தினர். பதினாறாம் நூற்றாண்டில் அவன் ஹெர்மன் என்னும் பெயர் பெற்றான். 1808-இல் நெப்போலியனுக்கு எதிரான உணர்ச்சியைத் தூண்டக் கிளைஸ்ட் அவனை நாடகத் தலைவனாக்கினார். 1875-இல் டெட்மோல்ட் அருகே 53 மீட்டர் உயர நினைவுச்சின்னத்தின் உச்சியில் அவன் வாளேந்தி நின்றான். அவன் முகம் பிரான்சு நாட்டை நோக்கிற்று. நாசிகள் இனவெறிக்கு அவனையும் டாசிட்டஸையும் சான்றாக்கினர். குடித்தலைவன் ஒருவன் நாட்டின் தந்தையானான், பின்னர் இனத்தின் சின்னமானான். அவன் மக்கள் பாடிய பாட்டு எஞ்சியிருப்பின், அவனை மறுக்கவும் திருத்தவும் ஒரு குரல் இருந்திருக்கும்.

இவ்வரலாறு தமிழர்க்கு முற்றிலும் அயலானதன்று. கல்கிரீசவில் மாண்ட வீரரின் பைகளில் இருந்த வெள்ளிக்காசுகளுள், அகஸ்டஸின் பெயரர்களான கேயஸ், லூசியஸ் இருவரின் உருவம் பொறித்தவை குறிப்பிடத்தக்கன. அதே அச்சுக்காசுகள் கொங்கு நாட்டுப் புதையல்களிலும் கிடைத்துள்ளன. ஓர் அக்கசாலையில் பிறந்த காசு ஒருபால் படைவீரனின் கூலியாய்க் காட்டில் சிதறிற்று. மறுபால் மிளகுக்கும் மணிக்கும் விலையாய்க் கடல் கடந்தது. அக்காசு புழங்கிய காலத்தையொட்டிய தமிழ் வேந்தர் மீதும் வேளிர் மீதும் எழுந்த பாட்டுகள் ஓலையில் ஏறி, தொகுக்கப்பெற்று, 1894-இல் உ.வே. சாமிநாதையரால் புறநானூறாக அச்சேறின. தோற்றவர், கையற்று அழுதவர், வேந்தனையே இடித்துரைத்தவர் குரல்களும் அவற்றுள் உள. ஆதலால் அவ்வேந்தரைப் பற்றி அயலார் எழுதியதையே நம்பியிருக்கும் நிலை தமிழர்க்கு இல்லை.

ரைன் கரையில் வென்ற குடிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. பேரரசின் முன்னேற்றத்தை நிறுத்திய கைகள் தம் கதையை எழுதிவைக்கவில்லை. எழுதிய கை பகைவனுடையது. அது நேர்மையான கை என்பது ஊழ் தந்த ஆறுதல். மூன்று படைகளின் எண்களை உரோம் தன் பட்டியலிலிருந்து நீக்கிற்று; ஆயினும் மார்க்கஸ் சீலியஸின் பெயர் கல்லில் நிற்கிறது. அவனை வென்றவர்களுள் ஒரு வீரனின் பெயரைச் சொல்லும் கல் எங்கும் இல்லை. அவனைப் பாடிய பாட்டும் இல்லை. எழுதப்படாத பாட்டு அதனைப் பாடிய நாவோடு போய்விடும் என்பதற்கு அக்காட்டின் அமைதியே சான்று.